பதினான்கு தொட்டிகளும் ஒரு வாளியும்

"நாலாவது மாடி டீச்சர் வீட்டுல பக்கெட்டுத் தண்ணி கொறையவே மாட்டேங்குதுண்ணா, நானும் தெனம் பெருக்கும்போது ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்று செல்லக்கிளி வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தது, லிஃப்டின் கதவு மூடுவதற்கு முந்தைய நொடியில் என் காதில் விழுந்தது.

"மூடி போட்டு வெச்சிருப்பாங்க" என்றார் வாட்ச்மேன்.

அவர்கள் இருவரும் அதை அத்தோடு விட்டுவிட்டார்கள். நான் மட்டும் விரல்விட்டு எண்ணினேன். ரெஜினா டீச்சர் ஊருக்குப் போய் அன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. வாளியை நான் போய் நிரப்ப வேண்டிய நாள் அது.

டீச்சர் புனேவுக்குப் போனது மருமகளின் பேறுகாலம் பார்ப்பதற்காக. மருமகளுக்குத் தாய் இல்லை. மூன்று மாதமாவது ஆகும் என்று தெரிந்ததும், கூடத்தில் இருந்த பதினான்கு தொட்டிகளை என்ன செய்வது என்று டீச்சர் இரண்டு வாரம் யோசித்தார். கணக்கு டீச்சராக முப்பத்தொரு வருடம் இருந்தவர் என்பதால் யோசித்ததைத் தாளில் எழுதிப் பார்த்தார். பழைய பனியன்களைக் கிழித்து, முறுக்கி, பதினான்கு திரிகள் செய்தார். நடுக்கூடத்தில் முக்காலி போட்டு, அதன்மேல் நீல நிற வாளியை வைத்து, ஒவ்வொரு திரியின் ஒரு முனையிலும் கனத்துக்காக ஒரு இரும்பு நட்டைக் கட்டி வாளிக்குள் இறக்கி, மறுமுனையைத் தொட்டி மண்ணுக்குள் இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்தார். காய்ந்த திரி தண்ணீரை இழுக்காது, முதலில் முழுசாக நனைத்துவிட வேண்டும் என்று எனக்கும் காட்டினார். ஒரு வாரம் ஒத்திகை பார்த்து, தினமும் எவ்வளவு இறங்குகிறது என்று வாளியின் உட்புறம் பென்சிலால் கோடு போட்டு, ஒரு வாளி இருபத்திரண்டு நாளுக்குத் தாங்கும் என்று கண்டுபிடித்தபின், சாவியை என் கையில் கொடுத்தார்.

"உன்கிட்ட ஏன் குடுக்கேன் தெரியுமா?" என்றார். "நீ வாயத் தொறக்க மாட்ட பிள்ள. உன்கிட்ட இருந்தா ஊருக்கே தெரியாது."

அது உண்மைதான். மூன்றாவது மாடியில், டீச்சர் வீட்டுக்கு நேர் கீழே, நான் அம்மாவோடும் பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவோடும் இருந்தேன். எம்.ஏ. முடித்து ஒரு வருடம் ஆகியும் வேலைக்கான நேர்காணல்களில் என் பெயரைக்கூட இரண்டாம் முறை கேட்டால்தான் சத்தமாகச் சொல்ல முடிந்தது. என் பெயர் எழிலரசி என்பது அந்தக் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அன்று மாலை கதவைத் திறந்து பார்த்தபோது தண்ணீர் குறையாமல் முதல் கோட்டில், வாளியின் விளிம்பருகே, நின்றது. செடிகளெல்லாம் தழைத்திருந்தன, மணி பிளாண்ட் மின்விசிறியைத் தொட்டுவிட்டிருந்தது, பெரணி புத்தக அலமாரிக்குள் புகுந்திருந்தது, மண் ஈரமாக இருந்தது. ஒரு சொம்பு மொண்டு பார்த்தேன். சொம்பை நிமிர்த்துவதற்குள் தண்ணீர் மறுபடியும் முதல் கோட்டுக்கு வந்து நின்றது. இன்னொரு சொம்பு மொண்டேன். அதற்கும் அப்படியே. மொண்டதை அலம்பும் தொட்டியில் கொட்டிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி வந்து, அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். யாரும் கேட்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அது மே மாதத்தின் இரண்டாவது வாரம். ஏரிக்கரைக் காற்று வாங்கலாம் என்று விளம்பரம் செய்து விற்கப்பட்ட நாற்பத்தெட்டு வீடுகள் எங்களுடையவை. அந்த வருடம் ஏரி வெடித்துக் கிடந்தது, ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் மணலையும் சூடான காற்றையும் துப்பியது, தண்ணீர் லாரி முதலில் தினமும் வந்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, பிறகு வருகிறேன் என்று போனில் மட்டும் வந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரில் தரையைத் துடைத்தார்கள், தரை துடைத்த தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றினார்கள், குழந்தைகளுக்கு ஈரத்துண்டால் முகம் துடைத்துப் பள்ளிக்கூடச் சிறப்பு வகுப்புக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அப்பாவின் விரிப்பை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது அலச வேண்டும். அம்மா அதை அரைக் குடத்தில் அலசக் கற்றுக்கொண்டாள், பிறகு கால் குடத்தில். ஒரு நாள் அந்தக் கால் குடமும் இல்லாதபோது விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அம்மா எங்கிருந்து என்று கேட்கவில்லை. மறுநாள் அவளே குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதற்கு மறுநாள் செல்லக்கிளி ஒரு பாட்டிலோடு வந்தாள். "நீ குடத்தோட எறங்குனத பாத்தேன் பாப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்கும் மறுநாள் சங்கத்தின் செயலாளர் தயாளன் சார் வந்து, "சாவிய குடும்மா, ஒரு பார்வை பாத்துட்டுத் தந்துடறேன்" என்றார். முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் சாவி அவர் கையில் இருந்தது. திரும்பி வரவில்லை.

தயாளன் சார் கெட்டவர் இல்லை. ஒரு கப்பல் கம்பெனியில் சரக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் ஒழுங்குபடுத்தாமல் அவரால் தூங்க முடியாது. நாற்பத்தெட்டு வீட்டுக்கும் அட்டவணை போட்டார். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் படுக்கையில் கிடப்பவர் உள்ள வீட்டுக்கும் இரண்டு குடம், மற்றவர்களுக்கு ஒன்று. செருப்பை வெளியே விட வேண்டும், திரிகளைத் தொடக் கூடாது, செடியில் இலை கிள்ளக் கூடாது. குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு "வணக்கம், வாளி நலம்" என்று ஒரு செய்தி வரும். அதற்கு முப்பது பேர் கைகூப்புவார்கள். டீச்சரிடம் இருந்தது பட்டன் போன், அவர் குழுவில் இல்லை.

இவ்வளவுக்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். லாரி வராதது எப்படி ஒரு செய்தியோ அப்படி வாளி வற்றாததும் ஒரு செய்தியாக இருந்தது. யாரோ டீச்சர் வீட்டு வாசலில் கோலம் போட்டார்கள், யாரோ வாளிக்குக் குங்குமம் வைத்தார்கள், அவர்கள் வேதக்காரர்கள் ஆயிற்றே என்று யாரோ சொன்னதும் குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றினார்கள், பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று குங்குமத்தையும் திரும்ப வைத்தார்கள். வரிசை நான்காம் மாடியில் தொடங்கிப் படிக்கட்டு வழியாக இரண்டாம் மாடி வரை இறங்கியது. அந்த வரிசையில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள், இரண்டு வருடமாகப் பேசாத ஓரகத்திகள் பேசிக்கொண்டார்கள், சி பிளாக் பையனுக்கும் ஏ பிளாக் பெண்ணுக்கும் ஜாதகம் கைமாறியது. மொண்டுகொண்டு போன தண்ணீரில் சாம்பார் நன்றாக வருகிறது என்றார்கள். பருப்பு சீக்கிரம் வேகிறது என்றார்கள். ஒரு வயதான மாமா, அந்தத் தண்ணீரில் குளித்தால் யாரோ தலையைத் தடவிக்கொடுப்பதுபோல் இருக்கிறது என்று சொன்னபோது, மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு டீச்சர் எனக்குப் போன் செய்வார். அதிகம் பேசுவது அவர்தான். ரப்பர் செடி எப்படி இருக்கு, வெத்திலக்கொடி எதுவரைக்கும் போயிருக்கு, பெரணிக்கு வெயில் படுதா என்று பதினான்கு செடிகளையும் வரிசையாகக் கேட்பார், ஒவ்வொன்றுக்கும் நல்லா இருக்கு டீச்சர் என்பேன். பேத்தி பிறந்துவிட்டாள், மூன்று கிலோ. "பிள்ளைய கையில வாங்கினதும் அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு, ஆனா கண்ணுல ஒரு சொட்டு வரல பிள்ள, இருமல் மாதிரி வந்துட்டுப் போயிட்டு" என்றார். அடுத்த வாரம், உதடு வெடித்துக் கிடக்கிறது, இந்த ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அதற்கடுத்த வாரம், வேதாகமத்தின் பக்கத்தைப் புரட்ட விரலை நாக்கில் வைத்தால் விரல் ஒட்டிக்கொள்கிறது என்றார். வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிறது என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு காய்ந்த சருகை யாரோ மிதிப்பதுபோல் கேட்டது.

ஜூன் மாதத்தின் முதல் வியாழக்கிழமை வாளி பொங்கி வழிந்தது. "அன்பர்களே, இன்று வீட்டுக்கு ஒரு குடம் கூடுதல்" என்று தயாளன் சார் குழுவில் போட்டார். அன்று தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. கஞ்சிக்கு உப்பே போட வேண்டியிருக்கவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் போன் செய்தபோது, "வியாழக்கிழமை தல சுத்தி விழுந்துட்டேன். ஆஸ்பத்திரியில உப்பும் குளுக்கோஸுமா ரெண்டு பாட்டில் ஏத்தினாவ. உடம்புல தண்ணியே இல்லங்கான் டாக்டர். குடம் குடமா குடிக்கேன், எங்கதான் போகுதோ" என்றார்.

எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "நல்லா இருக்கு டீச்சர்" என்றேன்.

திரிகளை எடுத்துவிட்டால் என்ன என்று செவ்வாய்க்கிழமை எங்கள் முறை வந்தபோது ஓரத்தில் இருந்த ஒரே ஒரு திரியை வாளியிலிருந்து வெளியே தூக்கிப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அந்தச் செடி தலையைத் தொங்கப் போட்டது. பயந்துபோய்த் திரியை நனைத்துத் திரும்ப உள்ளே விட்டேன். அடுத்த ஞாயிறு டீச்சர், செவ்வாய்க்கிழமை காலையில் இடது கைச் சுண்டுவிரல் பத்து நிமிடம் மரத்துப்போய்விட்டது என்றார். ஆக, திரிகளை எடுக்கக் கூடாது, குறையும் அவற்றில் இல்லை. பதினான்கு செடியும் குடிப்பது ஒரு நாளைக்கு இரண்டு சொம்புகூட வராது, அதை டீச்சரால் தாங்க முடியும். நாங்கள் குடிப்பதைத்தான் தாங்க முடியாது.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பாவைப் பக்கவாட்டில் திருப்பி முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "படுக்கைப் புண் வந்துடுச்சுன்னா நீ பாப்பியா?" என்றாள். பிறகு துணியை மறுபடி நனைத்துக்கொண்டே, "நாம நிறுத்தினா மத்தவங்க நிறுத்தவா போறாங்க" என்றாள். அதற்குப் பிறகு துணியைப் பிழியும்போது மட்டும் அவள் தண்ணீரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

சங்கத்தின் கூட்டம் வாகனம் நிறுத்துமிடத்தில் நடந்தது. எழுந்து பேச என்னால் முடியாது என்பதால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தேதிகளோடு, தயாளன் சாரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மௌனமாகப் படித்தார், பிறகு சத்தமாகப் படித்தார். ஒருவர்கூட நம்பாமல் இல்லை. சிலர் அப்படித்தான் இருக்கும் என்று தாங்களும் நினைத்ததாகச் சொன்னார்கள். சி பிளாக்கில் ஒரு அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம்பா அந்த டீச்சர்."

"பாவம்தான். யாரு இல்லன்னா."

"வாரத்துல ஒரு நாள் லீவு விட்டுடலாமே. ஞாயித்துக்கிழமை. அவங்களும் சர்ச்சுக்குப் போறவங்க, ரெஸ்ட் எடுக்கட்டும்."

"ரெண்டு குடம் வாங்கறவங்க ஒண்ணரையாக் கொறச்சுக்கலாம்."

"அவங்க பையன்கிட்டச் சொல்லி வாரத்துக்கு ரெண்டு தடவை குளுக்கோஸ் ஏத்தச் சொன்னா? நம்மளும் நல்லது பண்ணின மாதிரி இருக்கும்."

"அன்னிக்குக் கொஞ்சம் உப்புக் கரிக்குமே சார்."

"பரவால்ல, அன்னிக்கு இட்லி மாவு கரைச்சுக்கலாம்."

இப்படியே ஒவ்வொன்றாகத் தீர்மானமாகி, தயாளன் சார் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தபோது, சங்கத்தில் உறுப்பினர் இல்லாததால் தூணோரம் துடைப்பத்தோடு நின்றிருந்த செல்லக்கிளி, "அந்தம்மாவ வந்துடச் சொல்லுங்களேன்" என்றாள். "வூட்டுக்கு வந்துட்டா அவங்களே செடிக்கு ஊத்திக்கப் போறாங்க. அப்புறம் அது வெறும் பக்கெட்டு. அந்தம்மாவும் பொழச்சுக்குவாங்க."

நான் எழுதிய தாளில் கடைசி வரியாக அதைத்தான் எழுதியிருந்தேன். தயாளன் சார் அந்த வரியை மட்டும் படிக்காமல் விட்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"வரட்டும், யார் வேணாங்கறா" என்றார் தயாளன் சார். "ஆனா இந்த நேரத்துல வந்து என்ன பண்ணுவாங்க? இங்கதான் தண்ணியே இல்லையே."

யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தது. செல்லக்கிளி மறுநாள் முதல் பாட்டிலோடு வரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு கோயில் குழாயில் நின்று பிடித்துக்கொண்டு போனாள் என்று கேள்விப்பட்டேன். நானும் அப்படிப் போயிருக்கலாம். காலையில் மூன்று மணிநேரம் நின்றால் அரைக் குடம் கிடைக்கும் என்றார்கள். அப்பாவின் விரிப்புக்கு அது போதாது.

ஜூன் நடுவில் டீச்சரின் மகன் ஆல்வின் ஒரு படம் அனுப்பினார். டீச்சர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் யார் யாரை வைத்திருக்கிறார்கள் என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. டீச்சரின் கை, தேர்வுத்தாள் திருத்தும்போது சிவப்புப் பேனாவைப் பிடித்த அந்தக் கை, மடித்துவைத்த பழுப்புத் தாள்போல் குழந்தையின் மேல் கிடந்தது. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் ஆல்வின் அதைத் தயாளன் சாருக்கும் அனுப்பியிருந்தார், அவர் குழுவில் போட்டுவிட்டார். கீழே முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

தீர்மானப்படி ஞாயிற்றுக்கிழமை வாளிக்கு விடுமுறை. கதவு பூட்டியிருந்தது. ஆனாலும் எங்களுடையது உட்பட குடங்கள் மட்டும் காலையிலேயே வந்து வரிசையில் உட்கார்ந்துகொண்டன, திங்கட்கிழமை முதலில் வர வேண்டும் என்பதற்காக. குடங்கள் வந்ததால் அவற்றுக்குக் காவலாக ஆட்களும் வந்தார்கள். நான்கு மணிக்கு டீச்சர் எனக்குப் போன் செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். தயாளன் சார் என்னை மேலே வரச் சொல்லி, போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னார். படிக்கட்டில் இரண்டு மாடிக்கும் இருந்த பேச்சு அடங்கியது. அம்மா அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பிள்ள" என்றது போன். மிக மெல்லிய குரல். அருகில் நின்றவர்கள் குனிந்தார்கள். "நல்லாருக்கியா?"

"நல்லா இருக்கேன் டீச்சர்."

"என்னால முடியல பிள்ள. இங்க இவனுக்கும் சிரமம், பச்ச உடம்புக்காரி எனக்குச் செஞ்சிட்டு இருக்கா. எனக்கு என்னமோ நம்ம வீட்டுக்கு வந்துட்டாப் போதும்னு இருக்கு. வந்து படுத்துட்டா எந்திச்சுருவேன்னு தோணுது. புதன்கெழமைக்கு டிக்கெட் போடட்டுமான்னு ஆல்வின் கேக்கான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அங்க தண்ணிக் கஷ்டம்னு டிவியில சொல்லுதான். நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்ட. நான் வரட்டுமா?"

வரிசையில் யாரும் என்னைத் தூண்டவில்லை. தயாளன் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, அதன் அம்மா அதைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், செடிகள் இலை உரசிக்கொள்வது கேட்டது. அம்மா என் முழங்கையைத் தொட்டாள், பிடிக்கவில்லை, தொட்டாள்.

"வராதீங்க டீச்சர்" என்றேன். "இங்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. வந்தா ரொம்பக் கஷ்டப்படுவீங்க. மழை வரட்டும், நானே போன் பண்றேன். செடியெல்லாம் நல்லா இருக்கு."

அத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் நான் பேசியதை யாரும் அதுவரை கேட்டதில்லை. இரண்டாம் மாடி வரை தெளிவாகக் கேட்டதாம்.

டீச்சர், "சரி பிள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். "உன் குரல் இன்னிக்குத்தான் நல்லா கேக்குது."

போன் நின்றது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஏ பிளாக் அக்கா ஒருத்தி என் கன்னத்தைத் தட்டினாள். வரிசையின் முதலில் இருந்த குடங்களை ஆட்கள் காலால் ஒதுக்கி எனக்கு வழிவிட்டார்கள். தயாளன் சார் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள் அம்மா, மெதுவாக.

நான் சாவியை வாங்கிக் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், எங்கள் குடத்தை வாளியில் முக்கினேன்.